கோளரங்கத்தில் அறிவுமதியின் முதல் காட்சி

பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கிற பகுதிநேர வேலைகளில் கோளரங்க வேலைக்குத்தான் மவுசு அதிகம். நூலகத்தில் புத்தகம் அடுக்கினால் தும்மல் வரும், விடுதிச் சமையலறையில் நின்றால் வசவு வரும், கோளரங்கத்தில் ஏசிக் காற்று வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே, வானத்துக்கும் தங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றிருந்த வணிகவியல் மாணவர்கள்கூடப் பலராமன் சாரின் அறை வாசலில் தவம் கிடந்தார்கள். கோளரங்கம் அவர் பொறுப்பில் இருந்தது. வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருட்டுல உக்காந்து தூங்காம இருப்பியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். முக்கால்வாசிப் பேர் அந்தக் கேள்வியிலேயே முழித்துவிடுவார்கள்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி தெரிந்த அந்தக் கட்டடத்துக்குள் மாணவர்களுக்கென்று மூன்று வேலைகள் இருந்தன. கடைசித் தட்டு வேலை கதவு. வெளிச்சம் உள்ளே புகாமலிருக்க இரண்டு கதவுகள், நடுவில் ஆள் இடித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு குறுகல் நடை. வருகிறவர்களின் செருப்புகளை அந்த நடையில் கழற்றிப் போடச் சொல்லி, எல்லோரும் உள்ளே போனதும் வெளிக்கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். போடச் சொல்லி எந்த விதியும் கிடையாது. தாமதமாக வந்தவன் கதவைத் திறந்தால் நட்சத்திரமெல்லாம் வெளுத்துப்போகும் என்று எந்தக் காலத்திலோ ஒரு மாணவன் தொடங்கிவைத்த பழக்கம் அது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு முக்காலியில் காவல் இருக்க வேண்டும் என்பது பழக்கத்தின் மறுபாதி. கேன்டீன் பக்கத்திலேயே இருந்ததால் மறுபாதியை யாரும் சட்டை செய்யவில்லை.

அடுத்தது டார்ச். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு இருட்டில் இடம் காட்ட வேண்டும். முடிந்ததும் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்து, தூங்கிப்போன பிள்ளைகளை எழுப்பி அனுப்ப வேண்டும். சாய்ந்த நாற்காலி, குளிர், இருட்டு. பிள்ளைகள் ஒன்றிரண்டாவது தூங்காத காட்சியே கிடையாது. இந்த இரண்டுக்கும் மேலே, எட்டாத உயரத்தில் இருந்தது குரல். விளக்குகளும் நட்சத்திரக் கருவியும் மைக்கும் இருக்கிற மேசையில் உட்கார்ந்து, வானத்தைச் சொல்லிக் காட்டுகிற வேலை.

அறிவுமதி இரண்டு வருடம் கதவும் டார்ச்சும் பார்த்தவள். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டு தொடங்கவிருந்த 1991 ஜூனில், குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டீவ் என்ற சீனியர் மாணவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பலராமன் சார் அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் வருது. நீ பேசு. நல்லா வந்தா இந்த வருஷம் நீதான்" என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவரும் சொல்லவில்லை, சந்தோஷத்தில் இவளும் கேட்கவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடிய வயல்களிடமெல்லாம் "வணக்கம், கண்களை மூடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வீட்டில் சொல்ல முடியாது. அவள் நூலகத்தில் புத்தகம் அடுக்குவதாகத்தான் அம்மா முனியம்மாள் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா எல்லப்பன் கல் லாரியில் லோடு ஏற்றுபவர். ஏதோ கட்சி மேடையில் கேட்ட பெயரை மகளுக்கு வைத்ததோடு தன் கடமை முடிந்ததாக நினைத்து ஒதுங்கிக்கொண்டவர். மகளைக் கல்லூரிக்கு அனுப்பியது, அனுப்பியதற்காக ஊர் வாயில் விழுந்தது, எல்லாம் முனியம்மாள்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. பையன்களோடு சேர்ந்து இருட்டறையில் வேலை என்று தெரிந்தால் அன்றைக்கே மகளின் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தாம்பரத்துத் துணிக் கம்பெனியில் சேர்த்துவிடுவாள். இதில் அறிவுமதிக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதுவும் அந்த வருடம் சும்மா இல்லை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு சுற்றுவட்டாரமே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. மப்டி போலீஸ் வீடு வீடாக வந்து யார் புதுசு, யார் வந்து போனது என்று கேட்டது. பொழுது சாய்ந்தால் தெருவில் ஆள் கிடையாது. இந்த லட்சணத்தில், ஜூன் பாதியில் மேற்கு வானத்தில் மூன்று பெரிய நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டு வந்தன. வெள்ளி, செவ்வாய், வியாழன் என்று அறிவுமதிக்குத் தெரியும். ஊருக்கு அது தெரியாது. மூன்று சேர்ந்தால் இன்னொரு பெரிய சாவு என்று எவரோ கிளப்பிவிட, சாயங்காலமானால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. தலைமை ஆசிரியர் அப்பாவு இதைப் பொறுக்க முடியாமல், 'வாங்கடா, நட்சத்திரம்னா என்னன்னு காட்டறேன்' என்று டிராக்டர் பிடித்துவிட்டார்.

அவர் டிராக்டர் பிடித்தது தெரியாமல் மறுநாள் பிற்பகல் அறிவுமதி மைக் மேசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய், செருப்ப கண்ட எடத்துல வுடாத. ஓரமா வுடு. குண்டான ஒதைக்காதடா, உள்ள சோறு கீது."

தண்ணீர் புரையேறியது. அந்தக் குரலை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். அம்மா. அம்மாவோடு அவளுடைய ஊர்ப் பிள்ளைகள் எழுபது பேர்.

எழுந்து ஓட வழியில்லை. இருப்பது ஒரே கதவு, அதில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கை தானாக டிம்மருக்குப் போனது. கூரையைச் சுற்றியிருந்த விளக்குகளை ஏற்றி இறக்குகிற பெட்டி அது. முழுசாக ஏற்று, முழுசாக இறக்கு, நடுவில் மட்டும் நிறுத்தாதே, உள்ளேயிருக்கிற சுருள் சூடாகும் என்று பலராமன் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் உட்காரும்வரை விளக்கு முழுசாக எரிய வேண்டும். எரிந்தால் அம்மா பார்த்துவிடுவாள். முழுசாக அணைத்தால் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். அறிவுமதி குமிழைத் திருப்பி நட்டநடுவில் நிறுத்தினாள். மண்டபம் அரை இருட்டானது. தலையைக் குனிந்துகொண்டு, கீழே விழாத பேனாவைத் தேடினாள்.

பிள்ளைகள் வட்ட வரிசைகளில் நிரம்பினார்கள். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம் என்று வரிசைகளுக்கு நட்சத்திரப் பெயர் வைத்திருந்தார்கள். மேசையை ஒட்டிய மிருகசீரிட வரிசைக்கு ஒரு சின்னப் பெண் வந்து, மேசைக்கு மேல் எக்கிப் பார்த்தது. டிராக்டர் ஓட்டுகிற ஜெபதாஸின் மகள் ஜெர்சி.

"மதியக்கா," என்றது கண்ணை விரித்து.

அறிவுமதி உதட்டில் விரலை வைத்தாள். ஜெர்சியும் விரலை வைத்தது. பெரிய ரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமையோடு, அங்கேயே ஓர நாற்காலியில் சாய்ந்துகொண்டது. கதவிலிருந்து மிகவும் தள்ளியிருந்த இடம் அதுதான்.

முனியம்மாள் கடைசி ஆளாக வந்து கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகாவது விளக்கை இறக்கிவிடலாம் என்றால், அப்பாவு வாத்தியார் பேச எழுந்தார். அவர் மூடநம்பிக்கையில் தொடங்கி மனிதன் நிலவில் கால் வைத்ததுவரை வந்து, மறுபடி மூடநம்பிக்கைக்கே போனார். டிம்மர் நடுவிலேயே நின்றது. அறிவுமதியின் மண்டையில் சாரின் எச்சரிக்கை இருந்ததுதான். அம்மா இருக்கிற திசை அதைவிடப் பெரிசாக இருந்தது.

விடுமுறை என்பதால் கதவுக்கும் டார்ச்சுக்கும் சேர்த்து ரகு என்ற ஒரே ஒரு ஜூனியர்தான் வந்திருந்தான். மேசைக்கு வந்து, "என்னக்கா, ரொம்ப நேரமா அரை லைட்டுல வெச்சிருக்கீங்க?" என்றான்.

"நீ போய்க் கதவப் போடு. நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் தொறக்காத."

"சரிக்கா" என்று அவன் போனான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் லேசாகக் கேட்டது. வாத்தியார் ஒருவழியாக உட்கார, அவள் குமிழைக் கடைசிவரை திருப்பி மைக்கை இழுத்துக்கொண்டாள். டிம்மர் உள்ளே சூடேற வேண்டியது ஏறியிருந்தது.

"வணக்கம். கண்களை மூடிக்கொள்ளுங்கள். நான் பத்து எண்ணும்வரை திறக்காதீர்கள்."

எண்ணி முடித்து நட்சத்திரக் கருவியை ஏற்றினாள். கண் திறந்த எழுபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். கதவும் டார்ச்சுமாக இருந்த இரண்டு வருடமும் வேறு யாருக்காகவோ வந்து அவள் கேட்ட சத்தம் அது. இப்போது அது அவளுக்காக வந்தது. அம்மாவைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டாள். அம்புக்குறி விழுகிற டார்ச்சை எடுத்து ஏழு முனிவர்களைக் காட்டினாள், துருவத்தைக் காட்டினாள். சொற்கள் அவள் பழகியபடியே வரிசையாக, ஒரு பிசிறும் இல்லாமல் வந்தன. இருட்டில் முனியம்மாள் வாத்தியாரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"இன்னாமா பேசுது சார் அந்தப் பொண்ணு. ரேடியோல பேசற மாரி கீது. யாரு பெத்த புள்ளையோ."

அறிவுமதி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு மூச்சை இழுத்தபோதுதான் அந்த வாசனை வந்தது.

ரப்பர் கருகுகிற வாசனை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தாள். டிம்மர் பெட்டியின் இடுக்கில் சிவப்பாக ஒரு கோடு. பெட்டியை மறைத்துத் தொங்கவிட்டிருந்த வெல்வெட் துணியின் ஓரம் கங்கு பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுவிடலாம் என்று குமிழைத் திருப்பினாள். சட்டென்று ஒரு பொறி பறந்தது, விளக்கு வரவில்லை. டிம்மரின் சுவிட்சை அணைத்தாள். நட்சத்திரக் கருவியும் மைக்கும் வேறு லைனில் இருந்ததால் அவை பிழைத்தன. துணியைப் பிடுங்கிக் கீழே போட்டுச் செருப்பில்லாத காலால் மிதித்தாள். மிதித்துக்கொண்டே, "இதோ இது சித்திரை நட்சத்திரம்" என்றாள். பாதம் பொத்துப்போனது அன்று ராத்திரிதான் அவளுக்குத் தெரிந்தது.

துணி அணைந்தது. பெட்டி அணையவில்லை. சுருளைச் சுற்றியிருந்தது என்ன எழவோ, அது உள்ளுக்குள்ளேயே கருகிப் புகையைக் கக்கியது. மணல் வாளி வெளியே இருந்தது. வெளிக்கதவு வெளியே தாழிட்டிருந்தது. ரகு எங்கே இருப்பான் என்பது அவளுக்குக் கண்ணால் பார்த்த மாதிரி தெரியும். அவளும் அதே நேரத்துக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவள்தான். டிராக்டரைப் போலீஸ் பல்கலைக்கழகக் கேட்டிலேயே நிறுத்திவிட்டதால் ஜெபதாஸும் பக்கத்தில் இல்லை.

'தீ' என்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்தால் போதும், எழுபது பிள்ளைகளும் அந்த ஒரே கதவுக்கு ஓடும். உள்கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்குள் விழும். அங்கே குவியலாகச் செருப்பு, நடுவில் அம்மா வைத்த சோற்றுக் குண்டான், அந்தப் பக்கம் தாழ்ப்பாள். முதலில் விழுகிற பிள்ளை எழுந்திருக்காது. சொல்லாமல் இருந்தால் புகை சொல்லிவிடும். கூரையில் நட்சத்திரங்கள் மங்கத் தொடங்கியிருந்தன.

"இப்போது நம் வானத்தில் மேகம் வருகிறது," என்றாள் மைக்கில். "கதவருகே அமர்ந்திருக்கும் அம்மையார், தயவுசெய்து..."

அம்மையார் என்றால் தான் என்று முனியம்மாளுக்கு எப்படித் தெரியும்? வாழ்நாளில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் சமையல்காரியின் மூக்கு வேலை செய்துவிட்டது. நாற்காலி கிரீச்சிட்டது.

"இன்னா சார் இது? இன்னாமோ கருகுது. ஒயரு கருகற மாரி கீது."

பிள்ளைகள் அசைந்தார்கள். ஒருவன் இருமினான். எங்கேயோ ஒரு பெண் "யக்கா, எனுக்குப் பயமா கீது" என்று அழ ஆரம்பித்தது. இன்னும் ஒரு ஆள் வாய் திறந்தால் முடிந்தது. அம்மாவை நிறுத்தினால்தான் மற்றதெல்லாம் நிற்கும், அம்மாவை நிறுத்துகிற பேச்சு ஒன்றுதான் இருந்தது. அதைப் பேசினால் குரல் வேலையும் போகும், படிப்பும் போகும். அறிவுமதி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"யம்மா. நான் மதி பேசறன். சத்தம் போடாத. குந்து."

பிள்ளைகள் சிரித்தார்கள். வானத்திலிருந்து வந்த குரல் திடீரென்று தங்கள் தெருப் பேச்சைப் பேசுவது அவர்களுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. முனியம்மாள் சிரிக்கவில்லை. அவள் இருந்த பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் அறிவுமதி இரண்டு வருடத்துப் பொய்யையும் மொத்தமாக அனுபவித்துவிட்டாள்.

"சொல்லு," என்றது அம்மாவின் குரல். அடுப்படியில் உலை கொதிக்கும்போது பேசுகிற குரல்.

"ஒன் பின்னால கதவு கீது. மெதுவா தொற. செருப்பெல்லாம் செவுத்தோரமா ஒதுக்கு. குண்டான வெளிக்கதவாண்ட இருந்து நவுத்தி மூலைல வெய். அப்பாவு சாரயும் கூட்டிகினு போ. யாரும் ஓடக்கூடாது."

இருட்டில் துணி சரசரத்தது. குண்டான் தரையில் இழுபடுகிற சத்தம், செருப்புகள் சுவரில் மோதுகிற சத்தம். புகை கண்ணைக் கரித்தது. பிறகு அம்மா, கத்தாமல், கேட்கிற அளவுக்கு மட்டும்: "வெளிய தாப்பா போட்டுக்கீது மதி."

"தெரியும். நீங்க ரெண்டு பேரும் தோள்பட்டய குடுத்து முட்டணும். நான் சொல்லும்போது முட்டு." அவள் மறுபடி வானத்துக் குரலுக்கு வந்தாள். "குழந்தைகளே, மேகம் வந்துவிட்டது. மழை வர வேண்டுமென்றால் இடி இடிக்க வேண்டும். நான் மூன்று எண்ணியதும் நீங்கள்தான் இடி. நாற்காலியிலிருந்து எழுந்தால் மழை நின்றுவிடும். ஒன்று, இரண்டு, மூன்று."

எழுபது பிள்ளைகள் கத்தினார்கள். கட்டடம் அதிர்ந்தது. கதவு அதிர்ந்தது அதில் யாருக்கும் தெரியவில்லை.

"போதாது. தூறல்தான் வருகிறது. இன்னும் பெரிய இடி."

இரண்டாவது இடியில் ஏதோ மரம் விரிகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண் இப்போது எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்தியது. அறிவுமதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றாவது தடவை எண்ணினாள். தாழ்ப்பாளின் திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. அப்பாவு வாத்தியார் குப்புற விழுந்தார். நடைக்குள் பகல் வெளிச்சம் பாய்ந்தது.

வெளிச்சத்தைக் கண்டதும் பிள்ளைகள் எழப் பார்த்தார்கள். அறிவுமதி டார்ச்சின் அம்புக்குறியைக் கூரையிலிருந்து இறக்கித் தரையில் போட்டாள். "அம்பு போகிற வழியில்தான் போக வேண்டும். அசுவினி வரிசை மட்டும் எழுந்திரு. முன்னால் இருப்பவன் சட்டையைப் பிடித்துக்கொள்." அம்பு நகர்ந்தது, பிள்ளைகள் அதன் பின்னால் நகர்ந்தார்கள். வாசலில் முனியம்மாள் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டு வெளியே தள்ளினாள். சத்துணவு வரிசையில் தினமும் தொட்டு எண்ணுகிற தலைகள். பரணி போனது. கார்த்திகை போனது. ரோகிணி போகும்போது நட்சத்திரங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை, அம்பு மட்டும் புகைக்குள் மஞ்சளாக மிதந்தது. மிருகசீரிடமும் போனது. அறிவுமதி மைக்கை வைத்தாள். இருமல் வந்தது, நிற்கவில்லை.

"மதி," என்று வாசலிலிருந்து அம்மா. "ஒண்ணு கொறையுது."

கொறையுது என்ற சொல் காதில் விழுந்த அதே நொடியில் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. இந்த மண்டபத்தில் இரண்டு வருடம் தூங்குகிற பிள்ளைகளைத் தடவி எழுப்பியவள். எழுபது பேர் இடியாகக் கத்தியும் எழாத தூக்கம் பிள்ளைகளுக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும். மேசையைச் சுற்றி வந்து ஓர நாற்காலியைத் தடவினாள். காலி. அடுத்ததைத் தடவினாள். காலி. முட்டி போட்டுத் தரையைத் தடவினாள். நாற்காலிக்கு அடியில், சுருண்டு, ஒரு சின்னக் கால்.

இழுத்துத் தூக்கினாள். ஜெர்சியின் தலை தோளில் துவண்டு விழுந்தது. அம்புக்குறி டார்ச் மேசையிலேயே கிடந்தது. எந்தப் பக்கம் கதவு என்று புரியவில்லை. இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு நடந்த இடம்தான். புகைக்குள் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இங்க வா. என் கொரல புடிச்சிகினு வா. ஏய் மதி, இங்க கீறேன். வா, வா, வா." அம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அறிவுமதி அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தாள். ஒரு கை அவள் முழங்கையைப் பற்றி இழுத்தது.

வெளியே வேப்பமரத்தடியில் போட்டதும் ஜெர்சி இரண்டு முறை இருமிவிட்டு வீலென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் அறிவுமதி தரையில் உட்கார்ந்தாள். கேட்டிலிருந்து ஓடிவந்த ஜெபதாஸ் மகளை வாரி எடுத்துக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார். ரகு கேன்டீனிலிருந்து வந்து, கையில் டீ கிளாஸோடு, பிடுங்கிக்கொண்டு கிடந்த தாழ்ப்பாளுக்கு முன்னால் பேயறைந்த மாதிரி நின்றான். மணல் வாளியோடு உள்ளே போன வாட்ச்மேன்கள் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

பலராமன் சார் வந்து, கருகிப்போன சுருளைக் குச்சியால் கிளறினார். "நட்டநடுவுல கருகியிருக்கு. டிம்மர் நடுவுல நின்னிருக்கு," என்றார்.

"நான்தான் சார் நிறுத்தினேன்."

அவர் அவளையும், சற்றுத் தள்ளி நின்ற முனியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது" என்று மட்டும் சொன்னார். கோளரங்கத்தை மறுபடி திறக்கத் தீபாவளி ஆகிவிட்டது.

முனியம்மாள் பிள்ளைகளை உட்கார வைத்து, குண்டானைத் திறந்து, புளிச்சோறு போட்டாள். சாப்பிடாதவர்களை அதட்டினாள். எல்லோரையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றி, கடைசியாக, "நீயும் ஏறு" என்றாள். ஒரகடம் கூட்டுரோடு வரும்வரை அறிவுமதி தாம்பரத்துத் துணிக் கம்பெனியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். தையல் மெஷின்களின் சத்தம்கூடக் கேட்டது. குரல் வேலை இனிக் கிடைக்காது என்பதைவிட அம்மா திட்டாமல் வந்ததுதான் அவளைக் கொன்றது.

ஊருக்குள் நுழையும்போது பொழுது இறங்கிவிட்டது. செய்தி எப்படியோ முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தாய்மார்கள் தெருவில் நின்று பிள்ளைகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள், அழுதார்கள். மேற்கே, புளியமரங்களுக்கு மேல், மூன்று நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அதான், அன்னிக்கே சொன்னன். மூணும் கூடிகிச்சி. இன்னிக்குக் கொஞ்சத்துல போச்சி" என்று மகனை உள்ளே இழுத்தாள். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தத் தொடங்கின.

"நில்லுங்கடி," என்றாள் முனியம்மாள்.

நின்றார்கள். முனியம்மாளை மீறிக் கதவு சாத்துகிற தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

"இன்னிக்கு நடந்தது எதுனால நடந்துதுன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுக்கும் தெரியும். அது எங்க வூட்டு விசயம். நட்சத்திரத்து மேல பழி போடாதீங்க." மகள் பக்கம் திரும்பினாள். "அது இன்னாது மூணும்? சொல்லு."

அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டு, "அது நட்சத்திரம் இல்லமா. வெள்ளி, செவ்வா, வியாழன். மூணும் தூரம் தூரமா கீது, நமக்குத்தான் பக்கத்துல தெரியுது" என்று முணுமுணுத்தாள்.

"இப்டி இல்ல. அங்க பேசினியே, அந்தக் கொரல்ல சொல்லு. இவளுங்களுக்குக் கேக்கணும்."

அறிவுமதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். முகம் கரி அப்பியிருந்தது. தோள்பட்டையில், கதவில் முட்டிய இடத்தில், ரவிக்கை கிழிந்திருந்தது. கோபம் போய்விட்டதா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. போயிருக்காது, முனியம்மாளின் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகிற ஜாதி இல்லை. பொய் சொன்னதற்காக அவள் மகளை வெளுத்து வாங்கியது மறுநாள் காலையில். அதில் துணிக் கம்பெனி என்ற பேச்சு மட்டும் வரவில்லை. பின்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தபோதும், வகுப்புக்குள் நுழைந்தால் அறிவுமதி முதலில் பார்ப்பது கதவைத்தான்.

அன்றைக்கும் அவள் அப்படித்தான் பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும், பாதி சாத்திய கதவுகளை. வாய் திறக்க வரவில்லை.

முனியம்மாள் மகள் பார்த்த திசையைப் பார்த்தாள். போய், பக்கத்து வீட்டுக் கதவைக் கையால் தள்ளி அகலத் திறந்தாள். எதிர்வீட்டுக் கதவையும் திறந்தாள். திரும்பி வந்து டிராக்டர் பெட்டியில் சாய்ந்துகொண்டாள்.

"கதவு தொறந்துதான் கீது மதி," என்றாள். "நீ பேசு."